திறக்க மறுத்த திரை

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று நாட்களே எஞ்சியிருந்தன. பேச்சொலிகளின் அலைவரைபுகளைத் தீட்டும் நிரலோ கணினிக்கூடத்து யுனிக்ஸ் இயந்திரத்தில் இருந்தது. விடுதி அறையின் லினக்ஸ் கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். வழியாக அதனோடு இணைந்து கட்டளையிட்டேன். ‘திரையைத் திறக்க இயலவில்லை’ என்ற ஒற்றை வரியே விடையாக வந்தது. சேவையகம் பழுதென்று இரண்டு நாட்கள் அவ்வியந்திரத்தையே நொந்துகொண்டேன்.

சொற்பொருள் ஆராயும் எனக்கு ஒரு சொல்லே குழி பறித்திருந்தது. 1984 இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திற் பிறந்த ‘எக்ஸ்’ சாளர முறைமையிலே, சேவையகம் எனப்படுவது தொலைவிலுள்ள பெரிய இயந்திரமன்று. திரையும் விசைப்பலகையும் கொண்ட என் கணினியே அது. தொலைவில் ஓடும் நிரல்தான் அதனிடம் இடங்கேட்டு வரும் வாடிக்கையாளர். எத்திரைக்குச் செல்வதென்பதை ‘டிஸ்பிளே’ என்னும் சூழல்மாறி அதற்குச் சொல்லவேண்டும். உள்ளே நுழைய அனுமதிச் சாவியும் வேண்டும். விஞ்ஞானபீட நண்பன் இதனை விளக்கியபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

அம்மாறியை அச்சிட்டுப் பார்த்தேன், வெறுமை. முகவரி கொடாமலே விருந்தினரை எதிர்பார்த்திருக்கிறேன்! இணைப்பைத் துண்டித்து, எஸ்.எஸ்.எச். கட்டளையோடு ‘எக்ஸ்’ என்னும் பெரிய எழுத்துத் தெரிவையுஞ் சேர்த்து மீண்டும் இணைந்தேன். மாறியில் ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ என்று தோன்றியது. சாவியும் தானாகவே சென்று சேர்ந்திருந்தது. விடிவதற்குச் சற்று முன்னர், முதலாவது அலைவரைபு என் திரையில் மெல்ல மெல்ல விரிந்தது.