இரண்டாவது வெர்னியர்

"ரெண்டாவது வெர்னியரை நீ பார்க்கவே இல்லையேம்மா" என்றார் சார்.

பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நிறமாலைமானியில் முப்பட்டகத்தின் சிறும திசைமாற்றக் கோணம் கண்டுபிடிக்கும் சோதனை. என் அப்சர்வேஷன் நோட்டில் முதல் வெர்னியர் 38 டிகிரி 42 நிமிடம், இரண்டாவது 218 டிகிரி 42 நிமிடம். அடுத்த வரியிலும் அதே 180 டிகிரி வித்தியாசம், அதற்கடுத்ததிலும். ஒன்றைப் படித்துவிட்டு மற்றதற்கு 180 கூட்டி எழுதியிருந்தேன். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தோம். அவர் திட்டவில்லை. கருவியின் வட்ட அளவுகோலும் அது சுழலும் அச்சும் துல்லியமாக ஒரே மையத்தில் அமைவதில்லை, அதனால் இரண்டு வெர்னியரும் ஒன்றிரண்டு நிமிடமாவது விலகும், அந்தப் பிழையைச் சராசரியில் கழிக்கத்தான் எதிரெதிரே இரண்டு வைத்திருக்கிறார்கள் என்றார். "பிழையை மறைச்சிட்டா அதைத் திருத்த வழியே இல்லாமப் போயிடும். மறுபடி எடு."

மறுபடி எடுத்தேன். தொலைநோக்கியை ஜன்னல் பக்கம் திருப்பி, தூரத்துத் தென்னையின் ஓலை கூர்மையாகத் தெரியும்வரை சரிசெய்தேன். பிறகு இணையாக்கி, பிளவு, ரசமட்டம் வைத்து முப்பட்டக மேடை. சோடியம் விளக்கு முதலில் சிவந்து, சில நிமிடம் கழித்துத்தான் மஞ்சளுக்கு வந்தது. மேடையை மெல்லத் திருப்பினால் மஞ்சள் கோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் நின்று, வந்த வழியே திரும்பும். திரும்பும் அந்த இடம்தான் நமக்கு வேண்டியது. அன்று மூன்று முறை அதைத் தவறவிட்டேன். நாலாவது முறை குறுக்குக்கம்பியில் அது நின்றபோது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வெர்னியர் 218 டிகிரி 44 நிமிடம் காட்டியது.

பட்டப்படிப்பைத் திட்டமிடுவதைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு நிறமாலைமானியைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எனக்கு இரண்டையும் கற்றுத்தந்தவர் ஒருவரே. எனக்கு அவை ஒரே பாடமாகத்தான் வந்து சேர்ந்தன.

அந்த வாரமே ஒரு சார்ட் தாளில் மூன்று வருடத் திட்டம் போட்டு அவரிடம் கொண்டுபோனேன். ஆறு பருவம், ஆறு நிறம். ஒவ்வொரு பருவத்துக்கும் சிலபஸில் உள்ள தாள்களை அப்படியே எழுதி, கீழே "தினமும் 4 மணி நேரம் படிப்பு" என்று போட்டிருந்தேன். "இதுலயும் ரெண்டாவது வெர்னியரைப் பார்க்கலையே" என்றார். நாலு மணி நேரம் என்பது நான் அளந்த கணக்கா, ஆசைப்பட்ட கணக்கா என்று கேட்டார். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், உண்மையில் உட்கார்ந்து கணக்குப் போட்ட நேரத்தை மட்டும் குறித்துவரச் சொன்னார். பஸ், ரெக்கார்டு எழுதுவது, வீட்டு வேலை எல்லாம் போக, வாரம் முழுவதற்கும் நாலரை மணி நேரம் வந்தது. அதைக் காட்ட எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைத்தான் திட்டத்தின் முதல் வரியாக எழுதச் சொன்னார். "அடுத்த வாரத்துக்கு அஞ்சுன்னு போடும்மா. இருபத்தெட்டுன்னு போடாதே."

பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, கடைசியிலிருந்து எழுதச் சொன்னார். இது வீட்டில் அப்பாவுக்குச் சட்டென்று புரிந்தது. அவர் அருப்புக்கோட்டையில் தறி ஓட்டுகிறவர். "என்ன சேலைன்னு தெரிஞ்சாத்தானே பாவுக்கு எத்தனை இழைன்னு சொல்ல முடியும்" என்றார்.

எனக்கு வேண்டியது முதுகலை இயற்பியல். அதற்கு ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வு மூன்றாம் ஆண்டு பிப்ரவரி வாக்கில் வரும். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே முடிந்துவிடும். அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் திடநிலை இயற்பியல் இருக்கிறது. எங்கள் கல்லூரியில் அது ஆறாம் பருவத்துத் தாள். அதாவது தேர்வு நாளன்று வகுப்பில் பாதிகூட முடிந்திருக்காது. இதை முதல் வருடத்திலேயே பார்த்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று! என் சீனியர் அக்கா ஒருவருக்கு இது ஐந்தாம் பருவத்தில்தான் தெரிந்தது.

ஐந்தாம் பருவத்தில் குவாண்டம் இயக்கவியல். அதற்கு முன்னால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சார் கேட்க, நான் நூலகத்தில் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுதினேன்: வகைக்கெழுச் சமன்பாடுகள், கலப்பெண்கள், அணிகளின் ஐகன் மதிப்பு. மூன்றாம் பருவத்தில் மின்னியலும் காந்தவியலும். அதற்கு வெக்டர் கால்குலஸ். கிரிஃபித்ஸின் மின்னியக்கவியல் புத்தகம் முதல் அத்தியாயம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறது. எங்களுக்கோ அது துணைப்பாடக் கணிதத்தில், இரண்டாம் பருவத்தின் கடைசி யூனிட். கடைசி யூனிட் எந்த வேகத்தில் நடக்கும் என்பது கல்லூரியில் படித்த எல்லோருக்கும் தெரியும்.

இங்கேதான் இயற்பியல் மாணவர்கள் பலர் உடைந்துபோகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இயற்பியல் புரியவில்லை என்று நினைக்கிறார்கள். புரியாதது பெரும்பாலும் கணிதம். காஸ் விதி என்ன சொல்கிறது என்பது கடினமே இல்லை. டைவர்ஜென்ஸ் என்ற சொல்லை அதே வாரம் முதன்முதலாகப் பார்ப்பவருக்குத்தான் அது மலை. ஆகவே என் திட்டத்தில் கணிதம் எப்போதும் ஒரு பருவம் முன்னால் நடக்க வேண்டும் என்று முடிவானது. முதல் வருட மே மாத விடுமுறையில் டைவர்ஜென்ஸும் கர்லும் மட்டுமே படித்தேன். ஒரு வெக்டர் புலத்தைத் தாளில் அம்பு அம்பாக வரைந்து, அதில் ஒரு சிறு காற்றாடியை வைத்தால் சுற்றுமா சுற்றாதா என்று பார்த்துப் பார்த்துக் கர்லைப் பிடித்தேன். மூன்றாம் பருவத்தில் ஆம்பியர் விதி வந்தபோது, சொந்த ஊர்க்காரரை வெளியூரில் பார்த்ததுபோல் இருந்தது.

வகுப்புக்கு வெளியே போக வேண்டிய இடங்களில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியராக இருந்த வி. பாலகிருஷ்ணனின் என்.பி.டி.இ.எல். இணைய விரிவுரைகள் கைகொடுத்தன. பார்ப்பது மட்டும் போதாது. ஒரு விரிவுரைக்கு மூன்று கணக்காவது போடாத வாரங்களில் ஒன்றுமே நிற்கவில்லை என்பதும் என் தாளிலேயே பதிவாகியிருக்கிறது.

என் திட்டத் தாளில் ஒரு பத்தி காலியாகவே இருக்கும். அதற்குச் சார் சொன்ன காரணம் இயற்பியலாளர் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியின் சோமர்ஃபெல்ட் எழுதிய அணு அமைப்பு, நிறமாலைக் கோடுகள் பற்றிய புத்தகத்தை அவர் தானாகவே படித்திருந்தார். 1928இல் சோமர்ஃபெல்ட் சென்னைக்கே வந்தார். இவர் போய்ப் பார்த்தார். நீ படித்த குவாண்டம் கொள்கை பழையதாகிவிட்டது, ஷ்ரோடிங்கரும் ஹைசன்பர்க்கும் அதை மாற்றிவிட்டார்கள் என்று சோமர்ஃபெல்ட் சொல்லி, உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதைப் படித்து, புதிய புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வந்தது. 1930இல்தான் பட்டமே வாங்கினார். "அவர் சிலபஸை மட்டும் வச்சிருந்தா, சோமர்ஃபெல்ட் வந்தப்போ கேக்கறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது" என்றார் சார். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியது எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் காலிப் பத்தியில்தான் இரண்டாம் ஆண்டில் கோடை ஆராய்ச்சி உதவித்தொகை நுழைந்தது. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தரும் வாய்ப்பு. கோடையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் வேலை கற்கலாம். விண்ணப்பிக்கும் காலம் எங்கள் பருவத் தேர்வோடு மோதும் என்பதால் ஆகஸ்டிலேயே எழுதத் தொடங்கினேன். கிடைக்கவில்லை. அதையும் தாளில் எழுதினேன். சாரிடம் காட்டியபோது, அந்த இரண்டு மாதத்துக்கு என்ன போட்டிருக்கிறாய் என்று மட்டும் கேட்டார். திடநிலை இயற்பியல் என்றேன். படிக லாட்டிஸ், பிராக் விதி, பட்டைக் கொள்கை எல்லாவற்றையும் அந்தக் கோடையில் வீட்டுத் திண்ணையில், தறிச் சத்தத்துக்கு நடுவே முடித்தேன்.

இப்போது ஐந்தாம் பருவம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குத் தாளை எடுக்கிறேன். இடப்பக்கம் நினைத்தது, வலப்பக்கம் நடந்தது. இந்த வாரம் ஹைட்ரஜன் அணுவுக்கு எட்டு மணி நேரம் போட்டிருந்தேன். ஆறே முக்கால் ஆகியிருக்கிறது. ஆரத் திசைச் சமன்பாடு வரை வந்துவிட்டேன், லகேர் பல்லுறுப்புக் கோவையில் நிற்கிறேன். அது கணிதம், போன பருவத்தில் முடித்திருக்க வேண்டியது. வலப்பக்கம் அப்படியே எழுதிவிட்டு, திங்கள் காலை பஸ்ஸுக்கு அந்த அத்தியாயத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.