சீட்டு விழுந்த மறுநாள்



2023 செப்டம்பர் 20-ஆம் நாள் கேரள அரசின் திருவோண பம்பர் லாட்டரிக் குலுக்கல் நடைபெற்றது. முதற்பரிசு 25 கோடி ரூபாய். வாளையாற்றில் விற்பனையான ஒரு சீட்டுக்கு அது விழுந்தது. அதை வாங்கியவர்கள் எங்கள் திருப்பூரைச் சேர்ந்த நான்கு நண்பர்கள் என்ற செய்தி வந்த அன்று, ஊரில் வேறு பேச்சே இல்லை. மஃரிபு தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருந்தோம். ஓவர்லாக் தைக்கும் இளைஞர் ஒருவர், "எனக்கு அப்படி விழுந்திருந்தால், மறுநாள் மெஷினைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் பாய்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க இயலவில்லை. அதன் காரணத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

லாட்டரியைப் பற்றி நமக்குள் இரண்டு கருத்து இருக்க முடியாது. சூதாட்டம் திருமறையில் மதுவோடு சேர்த்துத் தடுக்கப்பட்டது. அதன் ஒரு வடிவமே லாட்டரி. தமிழகத்தில் 1968-இல் அரசே லாட்டரியைத் தொடங்கியது. 2003-இல் அரசே அதற்குத் தடை விதித்தது. அந்தக் காலத்துச் சனிக்கிழமைகளை நான் கண்டிருக்கிறேன். பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்கிய கை, வீட்டுக்குப் போகும் வழியிலேயே சீட்டுக் கடையில் பாதியாகிவிடும். தடைக்குப் பின்னும் எல்லை தாண்டிச் சென்று வாங்குவோர் இருக்கவே செய்கிறார்கள்.

"நாம்தான் சீட்டு வாங்குவதில்லையே, நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். உழைக்காத பணம் வந்து சேரச் சீட்டு ஒன்றுதானா வாசல்? ஹலாலான வாசல்களும் உண்டு. அப்படியொரு வாசல் எனக்கு 1997-இல் திறந்தது.

தாராபுரம் சாலையில் எங்கள் அத்தா விட்டுச் சென்ற மானாவாரிக் காடு சிறிது இருந்தது. கொள்ளும் சோளமும் விளைந்த அந்த மண்ணை, வீட்டுமனை போடுவதற்காகக் கேட்டு வந்தார்கள். விற்று, ஷரீஅத் முறைப்படி பாகம் பிரித்தோம். என் பங்காக வந்த தொகை, பதினைந்து ஆண்டுகள் தையல் மெஷினில் குனிந்து நான் ஈட்டிய கூலி முழுவதையும் விட அதிகம்.

அப்போது நான் நான்கு மெஷின்கள் போட்டு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு டைலர்கள், ஒரு கைமடிப் பையன், செக்கிங் பார்க்கும் விதவைப் பெண் ஒருவர் என ஆறு பேர் என்னை நம்பி இருந்தார்கள். பணம் வந்த மறுவாரமே மெஷின்களை விற்றேன். சனிக்கிழமை கணக்கை முடித்துக் கொடுத்தபோது அந்தச் சகோதரி, "அடுத்த வாரம் எங்கே வரட்டும் பாய்?" என்று கேட்டார். "அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று அது எனக்குப் பெரிய ஈமானாகத் தோன்றியது!

முதல் மாதம் இன்பமாகவே கழிந்தது. அடுத்தடுத்த மாதங்களில் பொழுது நீண்டது. சுப்ஹு தொழுதுவிட்டுப் படுத்தால் ளுஹர் பாங்குக்குத்தான் கண் விழிப்பேன். கடன் கேட்போர் காலையிலேயே வந்துவிடுவார்கள். கொடுத்தால் திரும்பாது, மறுத்தால் உறவு முறியும். கூட்டு வியாபாரம் என்று ஒருவர் அழைத்தார். தொழிலைப் பாராமல் பேச்சை நம்பிப் போட்ட பணத்தில் கால் பங்கு போயிற்று. என்றும் குரல் உயர்த்தாத என் மனைவி, "நீங்கள் மெஷினில் இருந்தபோது இரவில்தான் களைத்திருந்தீர்கள். இப்போது காலையிலேயே களைத்திருக்கிறீர்களே!" என்றார்.

ஒரு நாள் என் மகள் பள்ளியில் கொடுத்த படிவத்தைக் கொண்டுவந்தாள். 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "அத்தா, இதில் என்ன எழுத?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. அவள் பழைய வழக்கப்படி 'டைலர்' என்றே எழுதிவிட்டாள். அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை.

மறு வாரம் இரண்டு பழைய ஓவர்லாக் மெஷின்களை வாங்கினேன். பழைய ஆட்களைத் தேடிப் போனேன். அந்தச் சகோதரியின் வீட்டில்தான் என் ஓய்வின் விலை என்னவென்று கண்டேன். இடையில் வேலை கிடைக்காத ஆறு வாரங்களில், ஏழாம் வகுப்புப் படித்த தம் மகனை நிறுத்தி ஒரு கம்பெனிக்குக் கைமடியாக அனுப்பிவிட்டார். அவர் என்னிடம் வேலைக்குத் திரும்பினார். மகன் பள்ளிக்குத் திரும்பவில்லை. இன்று அவர் நல்ல டைலர். என்னைக் கண்டால் மரியாதையோடு ஸலாம் சொல்கிறார். எனக்குத்தான் அவர் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை.

சகோதர சகோதரிகளே! மக்காவில் அனைத்தையும் துறந்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியையே தர முன்வந்தார்கள். அன்னாரோ அதற்காகத் துஆச் செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார்கள். பெருஞ்செல்வரான பின்னும் வணிகத்தை விடவில்லை. தாவூத் (அலை) அவர்களோ அரசர்! ஆயினும் தம் கை உழைப்பிலேயே உண்டார்கள் என்று நபிமொழி போற்றுகிறது. இரும்பு வளையங்களைக் கோத்துப் போர்க்கவசம் செய்தவர்கள் அவர்கள். பின்னலாடை ஊரில் வாழும் எங்களுக்கு அதை எண்ணும்போதெல்லாம் தனி மகிழ்ச்சி.

ஆனாலும், திண்ணையில் பேசிய இளைஞரை நான் பழிக்க மாட்டேன். பஞ்சுத் தூசியைச் சுவாசித்து, இரவு ஷிப்டும் சேர்த்து முதுகு வளைபவரிடம் உழைப்பின் மேன்மையைப் போதிப்பது எளிது. அவர் வெறுப்பது உழைப்பை அன்று. போதாத கூலியையும் ஓய்வற்ற நாளையும்தான். கையில் வசதி வந்தால் அந்த ஷிப்டை விடட்டும்; உடலுக்கு ஓய்வு கொடுக்கட்டும். அது அவரது உரிமை. ஆனால் உழைப்பையே விட்டுவிடுவது வேறு.

இது நம் மார்க்கம் மட்டும் சொல்வதன்று. சுவீடன் நாட்டில் லாட்டரியில் வென்றவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2017-இல் வெளியானது. பெரும் பரிசு பெற்றவர்களும் பொதுவாக உழைப்பைச் சற்றே குறைத்துக்கொண்டார்களே தவிர, அடியோடு கைவிட்டுவிடவில்லை. 2022-இல் இதே ஓணம் பரிசை வென்ற ஓர் ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருவோர் தொல்லையால் வீட்டில் இருக்க முடியவில்லை, இந்த முதற்பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று சில நாட்களிலேயே வருந்தினார்.

பணமும் நாம் எண்ணுவது போல் நிற்பதன்று. அந்த 25 கோடியில் முகவர் பங்கு 10 விழுக்காடும், மீதியில் வருமான வரி 30 விழுக்காடும் போனால் நிற்பது 15 கோடியே 75 லட்சம். மேல்வரி போக இன்னும் குறையும். நால்வர் பிரித்தால் தலைக்கு நான்கு கோடிக்கும் கீழ். ஹலாலான பணத்துக்கோ ஆண்டுதோறும் இரண்டரை விழுக்காடு ஸகாத் உண்டு. 40 லட்சத்தைச் சும்மா வைத்திருந்தால் முதல் ஆண்டு ஒரு லட்சம் ஏழையின் பங்கு. பணத்தை முடக்காமல் தொழிலில் இறக்கு என்று நமக்கு உணர்த்தும் கணக்காகவே இதை நான் காண்கிறேன்.

ஆகவே வாசகர்களே, சொத்து விற்றோ, வாரிசுரிமையாலோ, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பியோ திடீரெனக் கை நிறைந்தால் அல்லாஹ்வைப் புகழுங்கள்; கடனை அடையுங்கள்; உடலுக்கு ஓய்வு கொடுங்கள். ஆனால் மெஷினை விற்கும் முன், "அடுத்த வாரம் எங்கே வரட்டும்?" என்று கேட்க உங்களிடம் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கையும், அதில் பரக்கத்தையும், இறுதிவரை பிறருக்குப் பயன்படும் கைகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.