பின்வரிசைக் குரல்

எங்கள் பள்ளிப் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுபவர்கள் நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் பத்தாம் வகுப்பு மாணவிகள். மேடையில் எங்கள் இடம் எப்போதும் கடைசி வரிசைதான். முன்னால் உயரமானவர்கள் நின்றுவிட்டால், எங்கள் பெற்றோருக்கு எங்கள் ரிப்பன் மட்டுமே தெரியும்.

சென்ற கிறிஸ்மஸ் விழாவுக்கு நிகழ்ச்சி அட்டை அச்சாகி வந்தது. தனிப்பாடல் பாடும் இருவரின் பெயர்கள் பெரிய எழுத்தில் இருந்தன. எங்களுக்கு, 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டே சொற்கள். "நம் பெயர் 'மற்றும்' தானா?" என்று ஒருத்தி கேட்டாள். எங்கள் மனம் வாடிப் போயிற்று. அன்று மாலை ஒத்திகைக்குப் போகாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம்.

சற்று நேரத்தில் மண்டபத்திலிருந்து பாட்டுக் கேட்டது. குரல் இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் காலி வீட்டில் ஒருவர் பேசுவது போல் ஒலித்தது. நாங்கள் சேர வேண்டிய இடம் வந்ததும், எங்களை அறியாமலே எங்கள் உதடுகள் அசைந்தன.

இசை கற்பிக்கும் சிஸ்டர் எங்களைத் தேடி வந்தார். கோபிக்கவில்லை. எங்களோடு அமர்ந்து, அமெரிக்கப் பாடகி டார்லீன் லவ் அம்மையாரின் வரலாற்றைச் சொன்னார்.

அவர் 1941-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு போதகரின் மகளாகப் பிறந்தார். ஆலயத்தில் பாடிப் பழகியவர், பின்பு 'பிளாசம்ஸ்' என்ற குழுவில் சேர்ந்து, ஒலிப்பதிவுக் கூடங்களில் புகழ் பெற்ற பாடகர்களுக்குத் துணைக் குரல் கொடுத்தார். 1962-இல் 'ஹீ இஸ் எ ரெபல்' என்ற பாடலை அவரே முன்னின்று பாடினார். அது அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. ஆனால் இசைத்தட்டில் அச்சானதோ 'கிறிஸ்டல்ஸ்' என்ற வேறொரு குழுவின் பெயர்! அவருக்குக் கூலி கிடைத்தது; பெயர் கிடைக்கவில்லை.

1980-களின் தொடக்கத்தில் வருமானமின்றி, பிறர் வீடுகளைச் சுத்தம் செய்து பிழைத்தார். ஒரு நாள் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, 1963-இல் தாம் பாடிய கிறிஸ்மஸ் பாடல் வானொலியில் ஒலித்தது. அதைக் கேட்டு, தம் இடம் பாட்டுதான் என்று உணர்ந்து மீண்டும் பாட வந்தார். 2011-இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. துணைக் குரல் பாடகர்களைப் பற்றி 2013-இல் வெளியான 'ட்வென்டி ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்' என்ற ஆவணப்படத்தில் அவரும் இடம் பெற்றார். அப்படத்திற்கு 2014-இல் ஆஸ்கார் விருது கிடைத்தபோது, அந்த மேடையிலேயே அவர் பாடினார்.

"அவர் பெயரை மறைத்தது அநியாயம் இல்லையா, சிஸ்டர்?" என்றோம்.

"அநியாயம்தான். உங்கள் பெயரை விட்டதும் தவறுதான். பெயரைக் கேளுங்கள், ஆனால் பாட்டை நிறுத்தாதீர்கள்" என்றார்.

மறுநாள் அட்டைகளின் பின்புறத்தில் எங்கள் ஒன்பது பெயர்களையும் கையால் எழுத சிஸ்டர் அனுமதித்தார். எழுதிக்கொண்டிருக்கையில், மண்டபத்தில் ஆயா பெஞ்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடும் ஓசை கேட்டது. எங்கள் பேனாக்கள் நின்றன. எத்தனை விழாக்களுக்கு அவர் பெஞ்சு போட்டிருப்பார்! ஒன்றாம் வகுப்பு முதல் அவரை அறிந்த எங்களில் ஒருத்திக்கும் அவர் பெயர் தெரியவில்லை.

வெட்கத்தோடு ஓடிப்போய்க் கேட்டோம். பத்தாவது பெயராக அதை எழுதினோம்.