ஊமையான தொலைபேசி

அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1876 ஆம் ஆண்டு கம்பியின் வழியே மனிதக் குரலைச் செலுத்திக் காட்டினார். அதன் பின்னர் நூறாண்டுக்கு மேலாகத் தொலைபேசி என்பது பெரும்பாலும் இருந்த இடத்தை விட்டு அகலாத கருவியாகவே விளங்கிற்று. மக்கள் அதனை நாடிச் சென்றனர். அது மக்களைத் தொடர்ந்து செல்லவில்லை. செல்பேசியைச் சட்டைப்பையில் இட்டுத் திரியும் இக்கால இளைஞர்க்கு, கரிய மேனியும் எண் சுழற்றும் வட்டும் கொண்ட அப்பழங்கருவி புதுமையாகவே தோன்றும்.

தொலைபேசிக் கம்பிகளைப் பழுதுபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் வாழ்கிறார். அவர் பழைய இரும்புக் கடை ஒன்றில், நிறுத்து விற்கும் குவியலினிடையே, அத்தகைய தொலைபேசி ஒன்றைக் கண்டு வீட்டுக்குக் கொணர்ந்தார். அதன் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. மேலோட்டின் ஒரு மூலை உடைந்து தொலைந்து போயிருந்தது. ரிசீவரைப் பிணைத்திருந்த நூற்பின்னல் வடத்தை எலி கடித்திருந்தது. வட்டு அசைய மறுத்தது. திருகாணிகளைக் கழற்றி உள்ளே நோக்கினால், மணியின் இரு கிண்ணங்களுக்கும் நடுவே குளவி ஒன்று மண்ணாற் கூடு கட்டிக் குடியிருந்து சென்றிருந்தது!

"தாத்தா, இதனோடு போராடுவதைவிடப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாமே!" என்றான் பேரன்.

"வாங்கலாம், தம்பி. ஆனால் இது எதனால் ஊமையாயிற்று என்பதை அறியாமல் விடலாமா?" என்றார் அவர்.

மேலோடு பேக்கலைட்டு என்னும் பொருளால் ஆனது. பெல்ஜிய நாட்டிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த லியோ பேக்கலண்டு 1907 ஆம் ஆண்டு இதனை ஆக்கினார். அச்சில் வெப்பமும் அழுத்தமும் பெற்று ஒருமுறை இறுகிவிட்டால் இது மீண்டும் உருகாது. ஆதலின் மெழுகைப்போல உருக்கி ஒட்ட வழியில்லை. முதியவர் கரிப்பொடி கலந்த பசையை உடைந்த மூலையில் சிறிது சிறிதாக வார்த்து, இறுகிய பின் வடிவு திருத்தினார். மற்றப் பகுதியும் மங்கியிருக்கக் கண்ட பேரன் உப்புத்தாளை எடுத்தான். முதியவர் அவன் கையைப் பற்றித் தடுத்தார். பேக்கலைட்டின் பளபளப்பு அதன் மேல்தோலில் உள்ளது. அத்தோல் தேய்ந்தால் உள்ளே கலந்திருக்கும் மரத்தூள் வெளிப்பட்டு, ஈரத்தை உறிஞ்சத் தொடங்கும். சிலவகைப் பேக்கலைட்டில் கல்நாரும் கலந்திருப்பதால், தேய்த்துப் பொடியாக்குதல் உடலுக்கும் தீது. எனவே ஈரத்துணியால் துடைத்து, மென்மையான மெருகுப் பசையைச் சிறிதளவே இட்டனர். ஒட்டிய இடம் இன்றும் சற்று வேறாகத் தெரிகிறது. தெரிந்தால் தவறில்லை, பழுது பட்டதை மறைப்பது வேறு, பழுது நீக்குவது வேறு.

வட்டின் வேலை வியக்கத்தக்கது. விரல் அதனைச் சுழற்றும்போது சுருள்வில் முறுக்கேறுகிறதேயன்றி, எண் எதுவும் செல்வதில்லை. விரலை எடுத்தபின் வட்டு தானே திரும்பி வருகையில்தான் மின்னோட்டம் விட்டுவிட்டு அறுபடுகிறது. ஏழு என்னும் எண்ணுக்கு ஏழு முறை அறுபடும். சுழிக்குப் பத்து முறை. நொடிக்குப் பத்துத் துடிப்பு என்பது கணக்கு. அவ்வேகம் மிகாதவாறு உள்ளே சுழலும் சிறு பொறி ஒன்று காக்கிறது. இத்தொலைபேசியில் பழைய எண்ணெய் பிசினாக உறைந்து அப்பொறியைப் பிணித்திருந்தது. முதியவர் பிசினைக் கரைத்துத் துடைத்து, கடிகாரத்துக்கு இடும் எண்ணெயை ஊசிமுனையால் வைத்தார். பின்னர்ச் சுழியைச் சுழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு செவி கொடுத்தார். பழகிய காதுக்கு வேகத்தை அளக்க வேறு கருவி வேண்டியதில்லை போலும்!

வாய்ப்பகுதியில் மெல்லிய தகடு ஒன்றும் அதன் பின்னே கரித்துகள்களும் உள்ளன. குரலின் அதிர்வு தகட்டை அழுத்தத் துகள்கள் நெருங்கும், மின்னோட்டம் மிகும். அழுத்தம் தளர அது குறையும். ஈரம் ஏறித் துகள்கள் கட்டிப்பட்டால் குரல் மங்கிவிடும். அந்நாளில் பலர் ரிசீவரைத் தட்டிவிட்டுப் பேசியதற்குப் பொறுமையின்மை மட்டும் காரணமன்று. அத்தட்டில் துகள்கள் பிரிந்தன. முதியவரும் வெயிலில் உலர்த்தி, உள்ளங்கையில் தட்டியே அதனைச் சீராக்கினார்.

மணிக்கிண்ணங்களுள் ஒன்று வெடித்திருந்தது. வேறொரு தொலைபேசியினின்று எடுக்கலாம்; ஆயின் ஒன்றை வாழ்விக்க மற்றொன்றைச் சிதைக்க அவருக்கு மனமில்லை. மீளவே இயலாதவாறு நொறுங்கிய ஒன்று கிடைக்கும்வரை இரண்டு மாதம் காத்திருந்தார். எலி கடித்த வடத்துக்குப் புதுவடம் பற்றாசு வைத்துப் பொருத்தப்பட்டது. வட்டின் நடுவே இருந்த தாளில் பழைய எண்ணின் மூன்று இலக்கங்களே எஞ்சியிருந்தன. அத்தாளை அவர் மாற்றவில்லை.

வீட்டு இணைப்பில் கோத்ததும் மணி கணீரென ஒலித்தது. குரலும் தெளிவாகக் கேட்டது. ஆனால் வட்டைச் சுழற்றினால் அழைப்புச் செல்லவில்லை. ஒளியிழை வழி வரும் அவ்விணைப்பின் பெட்டி, பொத்தான்கள் எழுப்பும் ஒலிக்குறிகளையே அறியும். பழைய துடிப்புகளை எண்ணென்று அறியாது. துடிப்பை ஒலிக்குறியாக மாற்றும் சிறு கருவி உண்டு. அதனைச் செய்யும் பொறுப்பைப் பேரன் ஏற்றிருக்கிறான்; பற்றாசு வைக்க இப்போதுதான் பழகி வருகிறான்.