செட்டிபாளையத்தில் எனக்குப் பிடித்தவை

உயர்தர வகுப்பில் ஆட்டோகிராஃப் கொப்பிகள் சுற்றத் தொடங்கிவிட்டன. எல்லாக் கொப்பியிலும் ஒரே கேள்விகள்தான்: பிடித்த புத்தகம், பிடித்த பாட்டு, பிடித்த உணவு, பிடித்த இடம். நான் எழுதிய பதில்களில் பாதிக்கு மேல் செட்டிபாளையத்தில் கிடைத்தவை. “காத்தான்குடிப் பிள்ளைக்குச் செட்டிபாளையத்தில் என்ன வேலை?” என்று தோழிகள் கேட்கிறார்கள். அதற்குப் பதில் எழுத ஆட்டோகிராஃப் கொப்பியில் இடம் போதாது. ஆகவே நமது கல்லூரி இதழில் எழுதுகிறேன்.

செட்டிபாளையத்தில் எனக்குச் சனிக்கிழமைகளில் தமிழ் இலக்கிய வகுப்பு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் வீட்டு விறாந்தையில் படிப்பிக்கிறார். நாங்கள் ஏழு பேர். முஸ்லிம் பிள்ளை நான் ஒருத்திதான். கல்முனை பஸ்ஸில் ஏறினால் ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம் தாண்டிச் செட்டிபாளையம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய நிலம். சூரியன் எழும் பக்கம் என்பதால் இது எழுவான்கரை. வாவிக்கு அப்பால் இருப்பது படுவான்கரை. இவ்வளவு அழகான இரண்டு பெயர்களைப் புவியியல் பாடத்தில் நான் கண்டதில்லை. அம்பிளாந்துறைக்குப் போகிறவர்கள் குருக்கள்மடத்தில் இறங்குவார்கள். அங்கே வாவியைக் கடக்கும் மிதவைக்குப் பெயர் ‘பாதை’. தண்ணீரில் போகும் பாதை! முதல் முறை கேட்டபோது சிரித்தேன். இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன்.

பிடித்த புத்தகம் ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’. கிழக்கிலங்கை நாட்டார் காதல் பாடல்களின் தொகுப்பு. தொகுத்தவர் கவிஞர் அனார். க்ரியா பதிப்பகம் 2013இல் வெளியிட்டது. அனார் சாய்ந்தமருதைச் சேர்ந்தவர், நம்மைப் போல ஒரு முஸ்லிம் பெண். காதல் என்ற சொல்லைக் கண்டு பெற்றோர் பயப்பட வேண்டாம். நம் ஊர்களில் ‘கவி’ என்று சொல்லும் இந்த நான்கடிப் பாட்டுகளில் பெரும்பாலும் காத்திருப்புத்தான் இருக்கிறது. வயல் வட்டைக்குப் போனவன் திரும்பி வரவில்லை, மழை வருகிறது, சொன்ன சொல்லை ஒருவன் மறந்துவிட்டான். பல கவிகளில் பேசுவது பெண். பெண்கள் சத்தம் போட்டுப் பாடக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்ட வீடுகளில்தான் இவ்வளவு கவிகள் இருந்திருக்கின்றன. யார் கட்டியது என்று எதிலும் பெயர் இல்லை. முஸ்லிம் கவி எது, தமிழ்க் கவி எது என்று பிரிக்கவும் பல இடங்களில் முடியாது. இரண்டு பக்கத்துக் கவியிலும் ‘மச்சான்’ ஒருவர்தான்.

அந்த மச்சானைப் பற்றிப் பேசும்போதுதான் எங்கள் வகுப்பில் வீட்டுக் கதை வந்தது. மகளுக்குத் திருமணம் என்றால் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது காத்தான்குடி வழக்கம் மட்டுமே என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இருக்கும் செட்டிபாளையத் தோழிக்கும் அதே கதை. கிழக்கில் தமிழர், முஸ்லிம்கள் இருவரிடமும் தாய்வழிக் குடிமுறை இருக்கிறது, வீடு மகளுக்குப் போகிறது என்று ரீச்சர் விளங்கப்படுத்தினார். என் வீடு வளவின் பின்பக்கம் இரண்டு அறையோடு நிற்கிறது. 2022இல் சீமெந்து விலை ஏறியபோது நின்ற வேலை இன்னும் தொடங்கவில்லை. அவளுடையது அத்திவாரத்தோடு நிற்கிறது. கூரை போடுவதற்குள் பல்கலைக்கழகம் போய்விட வேண்டும் என்பது எங்கள் இருவரின் கணக்கு.

பிடித்த சத்தம் மத்தளம். மட்டக்களப்புக் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை மாதக் கணக்கில் பழகி, ஒரு முழு இரவு வட்டக்களரியில் ஆடுவார்கள். பழக்குகிறவர் அண்ணாவியார். நம் ஊர்க் கல்யாணங்களில் பொல்லடி பார்த்திருக்கிறீர்களா? அதைப் பழக்குகிறவருக்கும் அண்ணாவியார் என்றுதான் பெயர். இதை நான் சொன்னபோது வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. வாப்பாவிடம் கோல் எடுத்துக் கேட்டு உறுதிப்படுத்தினேன்.

பிடித்த பாடவேளை, ரீச்சர் சீறாப்புராணம் படிப்பித்த நாள். உமறுப்புலவர் மக்க மாநகரைப் பாடுவதற்கு முன்பு அரபு நாட்டைப் பாடுகிறார். அங்கே மழை பொழிகிறது, ஆறு ஓடுகிறது, வயலில் நெல் விளைகிறது. பாலைவனத்தில் எப்படி நெல் விளையும் என்று ஒருவன் கேட்டான். “தான் நேசிக்கிற நாட்டைத் தனக்குத் தெரிந்த பச்சையால் அலங்கரிக்கிறார்” என்றார் ரீச்சர். நெற்றியில் திருநீற்றோடு அவர் அந்தச் செய்யுள்களை இராகம் போட்டு வாசிக்க, நபிகள் நாயகத்தின் பெயர் வரும் இடங்களில் நான் மெதுவாக ஸலவாத்துச் சொன்னேன். அதைக் கவனித்து, அடுத்த முறை அந்த இடத்தில் அவர் சற்று நிறுத்தினார். வைகாசியில் கண்ணகி கோயில்களின் கதவு திறக்கும்போது அவர் கண்ணகி வழக்குரை பற்றிச் சொன்னார். மதுரையை எரித்தவளின் கோபத்தைக் குளிர்த்தி பாடித் தணிக்கிறார்கள். வணக்கம் அவர்களுடையது. நியாயம் கேட்டு அரச சபைக்குப் போன அந்தப் பெண்ணின் கதை தமிழ் படிக்கும் எனக்கும் உரியது.

பிடித்த இடம், அந்த வீட்டின் பின்னறை. வகுப்பின் நடுவில் அசர் நேரம் வரும். முதல் வாரமே ரீச்சர் சாமிப்படம் இல்லாத அந்த அறையைக் கூட்டி, பன்பாய் ஒன்றை விரித்துத் தந்தார். “எந்தப் பக்கம் மகள்?” என்று கேட்டார். வாவிப் பக்கம் என்றேன். இப்போது நான் வருவதற்கு முன்பே பாய் வாவியைப் பார்த்து விரிந்து கிடக்கும்.

உம்மாவுக்கு மட்டும் இந்தப் பயணம் பிடிக்கவில்லை. “புள்ள, எறங்கினதும் கோல் ஒண்டு எடு” என்பது ஒவ்வொரு சனியும் கேட்கும் வார்த்தை. குறிப்பாகக் குருக்கள்மடம் தாண்டினால் சொல்ல வேண்டும். ஏன் என்று நான் கேட்பதில்லை. 1990 ஜூலையில் அந்த இடத்தில்தான் காத்தான்குடிக்கு வந்துகொண்டிருந்த பயணிகள் கடத்தப்பட்டார்கள். அவர்கள் வீடு வந்து சேரவில்லை. ஆகஸ்ட் 3 இரவு நம் ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். உம்மாவுக்கு அப்போது 11 வயது. அதே வருடம் செப்டெம்பர் 9 அன்று சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் குழந்தைகளோடு கொல்லப்பட்டன. ரீச்சருக்கும் அந்த வருடம் மறக்கவில்லை. பெரியவர்கள் மேடையில் “பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம்” என்று பேசும்போது, நடுவில் நடந்த இவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கட்டுரைப் போட்டிகளில் நாமும் அப்படித்தான் எழுதுகிறோம்.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை உம்மாவும் என்னோடு வந்தார். கையில் தொதல். உண்மையில் வீட்டைப் பார்த்துவிட்டு வரத்தான் வந்தார். விறாந்தையின் ஓரக் கதிரையில் ஒன்றும் பேசாமல் இருந்தார். ரீச்சர் ஒரு கவியின் முதல் இரண்டு அடிகளை வாசித்து, கருத்துச் சொல்ல நிறுத்தினார். ஓரத்திலிருந்து மற்ற இரண்டு அடிகளும் வந்தன. உம்மாவின் குரல். பன்பாய் இழைக்கும்போது மூத்தம்மா சொல்வாராம். ரீச்சர் புத்தகத்தை மூடிவிட்டார்.

“எங்கட உம்மா களத்தில...” என்று தொடங்கி, பிழை திருத்துவது போல, “எங்கட அம்மா கடைசிச் சொல்ல வேற மாதிரிச் சொல்லுவா” என்றார். எல்லோரும் சிரித்தோம். உம்மாவும் சிரித்தார். பிறகு இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். தேநீர் ஆறிப்போனது. பரீட்சைக்கு வரும் பாடம் எதுவும் அன்று நடக்கவில்லை.

கோல் எடுக்கச் சொல்வது அதன் பிறகும் நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. 11 வயதில் வந்த பயம் ஒரு பின்னேரத்தில் போகாது. ஆனால் இப்போது கோலில் இன்னொரு கேள்வியும் வருகிறது: “ரீச்சர் இண்டைக்கு என்ன கவி சொன்னா?”

நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கியிருக்கிறேன். உம்மாவிடமும் பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டு இதுவரை 43 கவிகள் எழுதியிருக்கிறேன். இடப்பக்கம் நம் ஊரில் சொல்வது, வலப்பக்கம் செட்டிபாளையத்தில் சொல்வது. வலப்பக்கம் இன்னும் நிறைய இடம் காலியாக இருக்கிறது. தங்கைகளே, உங்கள் வீட்டிலும் மூத்தம்மா இருப்பார். கேட்டவுடன் “எனக்கென்ன தெரியும்” என்பார். வெற்றிலை இடிக்கும் நேரமாகப் பார்த்துத் திரும்பக் கேளுங்கள். சொல்வதைத் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் ஊரையும் மறக்காமல் கீழே போடுங்கள். இத்தனை காலமும் பெயர் இல்லாமல் இருந்தது போதும்.