சர்வரில் இல்லாத தமிழ்

தோட்டம் துண்டாடப்பட்டு, சனங்கள் ஜித்ரா, அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி என்று பல ஊர்களுக்கும் சிதறிய பிறகு மிஞ்சுவது பெயர்கள்தாம். எங்கள் பழைய தோட்டப் பள்ளியில் படித்தவர்களின் பட்டியலை இணையத்தில் ஏற்றும் வேலையைக் கோயில் குழுவினர் என்னிடம் கொடுத்தார்கள். அகரவரிசையில் இருந்தால் போதும் என்றார்கள். பாட்டிமார் விரலை ஓட்டித் தேடும் பட்டியல் அது. வரிசை பிசகினால் தங்கள் பெயரே விடுபட்டதாக நினைத்துவிடுவார்கள்.

கணினி யூனிகோடு எண்களைப் பார்த்துத்தான் அடுக்கும். அதில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்தும், 'ஜ' என்பது 'ச'வுக்கு அடுத்தும் இருக்கின்றன. அதனால் அமுதாவுக்கு முன்னால் அன்னம்மாள் வருவார், தங்கம்மாவுக்கு முன்னால் ஜெயா வருவார். இதைச் சீராக்கப் பைத்தன் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற மாட்யூல் உண்டு. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு சேர்ந்தவர்களும் தந்தது. 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறியீடுகள். அதில் 3 எழுத்துகள்தாம் என்று இந்த மாட்யூலுக்குத் தெரியும்.

ஆனால் மாத வாடகைக்குப் பலர் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் இப்படிப்பட்ட மாட்யூல் இருக்காது. சர்வரின் பொது இடத்தில் நிறுவ நமக்கு உரிமையும் இல்லை. பலர் இந்த இடத்தில் மனம் தளர்ந்து, பெயர்களை ஆங்கில எழுத்தில் அடுக்கிவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. தேவையே இல்லாத தோல்வி அது.

மாட்யூல் என்பது வெறும் கோப்புகள். சிஸ்.பாத் என்ற பட்டியலில் உள்ள இடங்களில் பைத்தன் வரிசையாக அவற்றைத் தேடும். மாட்யூல்களை நிறுவும் பிப் கட்டளைக்கு டார்கெட் என்று நம் கணக்கின் ஃபோல்டரைக் காட்டி மாட்யூலை இறக்கி, ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் அந்த இடத்தைப் பட்டியலின் தலையில் சேர்த்தால் வேலை முடிந்தது. பெர்ல் எழுதுகிறவர்கள் 'யூஸ் லிப்' என்ற ஒரே வரியில் காலங்காலமாக இதைச் செய்துவருகிறார்கள். டெர்மினல் தராத கணக்கானால் வீட்டில் இறக்கி எஃப்டிபி வழியாக ஏற்றலாம். ஃபோல்டர் மட்டும், இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு வெளியே இருக்க வேண்டும்.

முழுக்கப் பைத்தனிலேயே எழுதிய மாட்யூல்களுக்கு இது சிக்கலில்லாமல் நடக்கும். சி மொழியில் எழுதிக் கம்பைல் செய்த பகுதி உள்ளே இருந்தால் கதை வேறு. விண்டோஸில் உருவானது லினக்ஸ் சர்வரில் ஓடாது. சர்வரின் பைத்தன் பதிப்பும் பொருந்த வேண்டும்.

சர்வரோடு வருவதையும் நிரந்தரம் என்று நம்பிவிட முடியாது. 2024-இல் வெளிவந்த பைத்தன் 3.13, பழைய சிஜிஐ மாட்யூலையே நீக்கிவிட்டது. எத்தனையோ சிறு தளங்கள் படிவங்களை வாங்க அதைத்தான் நம்பியிருந்தன. அதனால் எந்தப் பதிப்பு, எந்த ஃபோல்டர் என்ற குறிப்பைத் தமிழில் எழுதி அந்த ஃபோல்டரிலேயே போட்டிருக்கிறேன். சிந்தோக் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் அதைப் படித்துப் பார்த்து, திருவிழா நன்கொடையாளர் பட்டியலையும் இதே முறையில் அடுக்கத் தொடங்கியிருக்கிறார்.