ஓடுகிற உடம்புக்கு விறகு எது?

காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எங்கள் சேரிப் பிள்ளைகள் விடியற்காலையில் வெறும் டீயோடு ஏரிக்கரையில் ஓடிப் பழகிவிட்டு எட்டு மணிக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். கூலியில் மிச்சம் பிடித்து, போதாததற்குக் கடனும் வாங்கி, புரோட்டீன் பவுடர் டப்பா வாங்குகிறார்கள். அந்த டப்பாவைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

ஓட்டத்துக்கு முதன்மையான எரிபொருள் புரதம் அல்ல. முதல் சில நொடிகளைத் தசையிலுள்ள கிரியேட்டின் பாஸ்பேட் பார்த்துக்கொள்ளும். அதன்பிறகு வேகம் கூடக் கூடச் சர்க்கரைதான். மெதுவான, நீண்ட நேர வேலையில் கொழுப்பும் கணிசமாக எரியும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4. ஆனாலும் மூச்சிரைக்க ஓடும்போது கொழுப்பு ஈடுகொடுக்காது. மெதுவாக எரியும், ஆக்சிஜனும் கூடுதலாகக் கேட்கும். நாம் தின்ற சோறு கிளைக்கோஜனாகத் தசையிலும் ஈரலிலும் சேர்ந்திருக்கிறது. மொத்தமே சுமார் அரை கிலோதான்.

7 நிமிட ஓட்டத்தில் அது தீராது. ஓடிவிட்டு, நாளெல்லாம் கல் சுமந்து, இரவு அரை வயிற்றோடு படுத்தால் கரையும். பத்திரிகைகளில் வரும் உணவு அட்டவணைகள், ஓடியவன் பிறகு வீட்டில் ஓய்வெடுப்பான் என்று நினைத்து எழுதியவை. சோறு போதாதபோது உடம்பு புரதத்தையும் எரிக்கும். டப்பாவில் வந்ததையும், சொந்தத் தசையையும். கடன் காசை அடுப்பில் போடுகிற கதைதான்.

அப்படியானால் மாட்டுக்கறி? அதுதான் பலம் என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். நம் உணவை இழிவென்பவர்களுக்கு அது சரியான பதில். ஆனால் ஓட்டக்காரருக்கு அதன் வேலை வேறு: தேய்ந்த தசையைச் சீர்செய்வது, ரத்தத்துக்கு இரும்பு கொடுப்பது. கீரையின் இரும்பைவிடக் கறியின் இரும்பைக் குடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். ரத்தத்தில் இரும்பு குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் போதாவிட்டால் சர்க்கரையும் முழுதாக எரியாது.

400 மீட்டர் ஓட வேண்டிய பெண் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறோம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஞாயிற்றுக்கிழமை கறித்துண்டு யார் தட்டில் விழுகிறது என்று நம் வீடுகளிலும் பார்ப்போம், தோழர்களே.

ஓடும் முன் ஒரு வாழைப்பழம். வேலைக்குக் கிளம்பும் முன் பழைய சோறு, கூடவே முட்டையோ வேர்க்கடலையோ. மதியமும் இரவும் வயிறு நிறையச் சோறு. டப்பா காசுக்கு இவ்வளவும் வரும். டீயை மட்டும் சாப்பாட்டோடு சேர்க்காமல் தள்ளிக் குடியுங்கள். இரும்பை உடம்பில் சேரவிடாது.